குளக்கட்டில் கூப்பிட்ட பெயர்

குவைத்திலிருந்து வந்து மூன்று மாதமாகியும் ரபியாவுக்குத் தன் வீட்டு விளக்குகளுக்கு எது சுவிட்ச் என்று பிடிபடவில்லை. கூடத்து விளக்கைப் போடப் போய் வாசல் விளக்கைப் போட்டுவிடுவாள். மாம்புரியில் அந்த வீடு அவள் இல்லாத காலத்தில் எழும்பியது. அத்திவாரம் வெட்டியது, சுவர் வைத்தது, கூரை ஏற்றியது எல்லாவற்றையும் அவள் போனில்தான் பார்த்திருந்தாள்.

விடிய முன்னர் தானாகவே கண் விழித்துவிடும். ஸுபஹ் தொழுதுவிட்டு, முதல் நாள் கழுவி வைத்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவுவாள். குசினியில் நின்றபடியே சாப்பிடுவாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து நிற்பாள். வந்த புதிதில் இதைப் பார்த்த கணவன் தாஹிர் கதிரையைக் காட்டி, "என்ன இது? இரி" என்றான். அவள் இருந்தாள். அடுத்த முறை கூப்பிட்டபோதும் ஓடித்தான் வந்தாள்.

கவலையா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அது பொய்யும் அல்ல. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் தடித்துக் கிடக்குமே, தொட்டால் கை தெரியும், கன்னம் தெரியாது. அப்படித்தான் இருந்தது அவளுக்கு.

அவள் பிறந்தது மன்னாரில். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது, ஏழு வயதில், உம்மாவின் மடியில் வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவள். அகதி முகாமில் வளர்ந்தாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனாள். அதே முகாமில் இருந்த மீன்பிடிக்காரன் தாஹிருக்கு வாழ்க்கைப்பட்டாள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இருபத்தெட்டாவது வயதில் பிறந்த நிஃப்லாதான் மிஞ்சினாள். நிஃப்லா முதலாம் வகுப்புக்குப் போன வருடம், தென்னோலைக் கிடுகுக் கூரைக்குக் கீழே இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்க முடியாது என்று, ரபியா வீட்டு வேலைக்கு விமானம் ஏறினாள். இரண்டு வருடத்தில் வருவதாகச் சொல்லிப் போனவளுக்கு ஒன்பது வருடமாயிற்று. இடையில் ஒரே ஒரு முறை ஒன்றரை மாதம் வந்து போனாள்.

குவைத்தில் அவள் போய்ச் சேர்ந்த வீட்டில் நாற்பது நாள் பிள்ளை ஒன்று இருந்தது. பெயர் நூரா. பிள்ளையின் தாய் வேலைக்குப் போகிறவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நித்திரையாக்குவது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் விழித்திருப்பது எல்லாம் ரபியாவின் பொறுப்பு. ஒன்பது வருடம் நூராவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுத்தான் படுத்தாள். சென்ற ஒக்டோபரில் ஒரு நாள் நூரா பள்ளிக்கூடம் போன பிறகு, வீட்டுக்காரி அவளைக் கூப்பிட்டு, பிள்ளை வளர்ந்துவிட்டாள், இனி நீ ஊருக்குப் போகலாம் என்றாள். டிக்கட் எடுத்தாயிற்று. சூட்கேஸை டிரைவர் ஏற்கெனவே காரில் வைத்திருந்தான். நூரா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரபியா விமான நிலையத்தில் இருந்தாள்.

இதை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நிஃப்லாவுக்கு இப்போது பதினான்கு வயது. அவளை வளர்த்தது தாஹிரின் மூத்த சகோதரி அஸ்மியா. பிள்ளை குட்டி இல்லாதவள், கணவனை இழந்தவள், அடுத்த வேலிக்குள் தனியாக இருந்தாள். நிஃப்லா படுப்பதும் படிப்பதும் சாப்பிடுவதும் மாமி வீட்டில்தான். உம்மா வந்த பிறகும் அது மாறவில்லை. மாற்றச் சொல்லி ரபியாவும் கேட்கவில்லை. நிஃப்லா பண்பான பிள்ளை. பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் ரபியாவை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கிட்ட வந்து நிற்பாள். ரபியா திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்துதான் பேசுவாள்.

ஜனவரி கடைசியில் பள்ளிக்கூடத்துச் சுற்றாடல் கழகம் ஒரு பயணம் ஏற்பாடு செய்தது. சிலாபத்துக்கு இந்தப் பக்கம், உடப்புக்குப் போகும் வழியில், குளங்களும் சதுப்புமாக ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வலசைப் பறவைகள் வரும் காலம். பன்னிரண்டு பெண் பிள்ளைகள் போகிறார்கள், துணைக்கு மூன்று தாய்மார் வேண்டும் என்று ஸும்ரா டீச்சர் கடிதம் அனுப்பியிருந்தார். நிஃப்லா கடிதத்தை நேரே மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எனக்கு இந்த முழங்காலோட நடக்க ஏலுமா?" என்றாள் அஸ்மியா. "உம்மாவக் கூட்டிட்டுப் போ."

"அவங்களுக்கு அதெல்லாம் ஒண்டும் தெரியாது, மாமி."

"பறவ பாக்க என்ன தெரியோணும்? கண் இருந்தாக் காணும்."

வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ரபியாவுக்கு இரண்டும் கேட்டது. பின்னேரம் அஸ்மியா நொண்டிக்கொண்டே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வான்ல ஏறினா அவளுக்குச் சத்தி வரும். தேசிக்காய் ஒண்டு மடில வச்சிக்கோ. முன் சீட்டுல இருத்து. வெயில்ல கனநேரம் நிண்டா மூக்கால ரெத்தம் வரும், தலையில துணி போடச் சொல்லு."

"சரி மதினி" என்றாள் ரபியா. வேலைக்குப் போன வீட்டில் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டதுபோலக் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டது. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தன. மின்சாரக் காற்றாடிகள் மெல்லத் திரும்பின. ரோட்டின் நடுவில் நின்ற கழுதைகளுக்காக டிரைவர் இரண்டு தடவை வானை நிறுத்தினார். நிஃப்லா முன் சீட்டில் இருக்கவில்லை. பின்னால் கூட்டாளியுடன் இருந்தாள். பாலாவி உப்பளங்கள் வந்தபோது பிள்ளைகள் எல்லோரும் பூநாரை நிற்கிறதா என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். நிஃப்லா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ரபியா எழும்பிப் போய்த் தேசிக்காயை எலுமிச்சை மணம் எழும்ப நகத்தால் கீறி அவள் கையில் வைத்தாள்.

"மாமி தந்தாவா?" என்று கேட்டாள் நிஃப்லா, கண்ணைத் திறக்காமல்.

"ஓம்."

சரணாலயத்தின் வாசலில் அவர்களைக் கூட்டிப்போக கேதீஸ்வரன் காத்திருந்தார். உடப்பைச் சேர்ந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடமாக அங்கே வருகிறவர்களுக்குப் பறவைகளைக் காட்டிக்கொண்டிருக்கிறார். கழுத்தில் பழைய தொலைநோக்கி ஒன்று தொங்கியது.

"இங்க ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டாக் கனக்கக் குளம் இருக்கு. நாங்க இந்தக் குளக்கட்டால நடந்து மற்றக் குளத்துக்குப் போவம்" என்றார் அவர். "முதலை இருக்கிற தண்ணி, பிள்ளையள். கட்டுக்கு நடுவால நடக்கோணும். கரைக்கு இறங்கப்படாது."

கட்டின் இரண்டு பக்கமும் மருத மரங்கள் நின்றன. அவற்றுக்கு அப்பால் தண்ணீர். தண்ணீர் தெரியாதபடி தாமரை இலை. முதலில் ரபியாவின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கேதீஸ்வரன் ஓர் இலையைக் காட்டினார். அதன்மேல் மெலிந்த பழுப்பு நிறப் பறவை ஒன்று, நூல்போல நீண்ட விரல்களால் இலையை அமுக்காமல் நடந்தது. அதைப் பார்த்த பிறகுதான், எல்லா இலைகளின் மேலும் ஏதாவது நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. நீலமும் ஊதாவுமாகக் கொழுத்த தாழைக்கோழிகள் தண்டைக் காலால் பிடித்துக் கடித்தன. சிறகிகள் கூட்டமாக எழும்பி விசில் அடிப்பதுபோலக் கத்திக்கொண்டு குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் இறங்கின. கழுத்து மட்டும் வெளியே தெரிய, பாம்புபோல நீந்திப் போன பாம்புத்தாராவைப் பார்த்து ஒரு பிள்ளை உண்மையான பாம்பு என்று பின்வாங்கினாள். உடும்பைப்போல, ஆள் நீளத்துக்கு ஒரு கபறக்கொய்யா அவசரமே இல்லாமல் குளக்கட்டைக் கடந்தபோது பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். ரபியாவுடன் வந்த மற்றத் தாய்மார் இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைக் கண்டு ரபியாவும் சிரித்தாள்.

ஸும்ரா டீச்சர் பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஆளுக்கொரு பறவையைக் கொடுத்து எண்ணச் சொன்னார். பிறகு தாய்மாரையும் விடவில்லை.

"ரபியா ராத்தா, அந்தப் பட்ட மரத்தில இருக்கிற நீர்க்காகம் எல்லாம் ஒங்களுக்கு."

"என்ன செய்யோணும் டீச்சர்?"

"ஒண்டும் செய்யத் தேவல்ல. பாத்துப் பாத்து எண்ணுங்க. அவ்வளவுதான்."

குளத்தின் நடுவில் தண்ணீருக்குள் நின்றே செத்துப்போன மரம் அது. கிளைக்குக் கிளை கறுப்பாக நீர்க்காகங்கள் இருந்தன. பாதி சிறகை விரித்து வெயிலில் காயவிட்டிருந்தன. கேதீஸ்வரன் தன் தொலைநோக்கியைக் கழற்றிக் கொடுத்து, முறுக்கித் தெளிவாக்கும் விதத்தைக் காட்டினார். ரபியா கண்ணில் வைத்தாள். தூரத்தில் கறுப்புப் புள்ளியாக இருந்தது, பச்சைக் கண்ணோடும் வளைந்த சொண்டோடும் அவளைப் பார்த்தது.

கீழ்க் கிளையிலிருந்து தொடங்கினாள். விருந்து முடிந்து கரண்டிகளை எண்ணி வைத்துப் பழகிய கை அது, பத்துக்கு ஒரு விரல் மடித்தது. எழுபது வந்தபோது ஒரு கூட்டம் பறந்து, வேறு ஒரு கூட்டம் வந்து இருந்தது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். அவள் கழுவுவதற்கும் தூக்குவதற்கும் அங்கே எதுவும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மூன்று தடவை எண்ணி முடித்து, நூற்று நாற்பத்து மூன்று என்று சொன்னாள். கேதீஸ்வரன் மரத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கும். எங்கட கணக்கும் அவ்வளவுதான்" என்றார். டீச்சர் எழுதிக்கொண்டார். ரபியா தொலைநோக்கியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு, அடுத்த குளத்துக்குப் போகும் வழியில்தான் அது நடந்தது. கரையோரத்து இலை ஒன்றில் தாழைக்கோழிக் குஞ்சுகள் இரண்டு நின்றன. கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி, சிவந்த மண்டையோடு. கழகத்து அல்பத்துக்குப் படம் எடுக்க நிஃப்லா டீச்சரின் போனை வாங்கியிருந்தாள். கட்டை விட்டு இரண்டு எட்டுக் கீழே இறங்கினாள். இன்னும் ஓர் எட்டு. புல் மூடிக் கிடந்த இடத்தில் மண் இல்லை. ஒரே வழுக்காக வழுக்கி இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டாள். சேற்றில் கால் புதைந்து, எழும்பப் பார்க்கப் பார்க்க இன்னும் கீழே இறங்கினாள்.

"மாமீ!" என்று கத்தினாள் நிஃப்லா.

"நூரா!" என்று கத்தினாள் ரபியா. "நூரா, தஆலி!" வா என்ற அந்த அறபுச் சொல்லும் சேர்ந்தே வந்தது.

கத்திக்கொண்டே அவள் கரையில் இருந்தாள், பிறகு தண்ணீரில் இருந்தாள். நடுவில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நிஃப்லாவின் இரண்டு கக்கத்துக்குள்ளும் கைகொடுத்து இழுத்தாள். கேதீஸ்வரன் ஓடி வந்து மேலே இருந்து ரபியாவின் தோளைப் பிடித்து இழுத்தார். நிஃப்லாவின் ஒரு சப்பாத்து சேற்றுக்குள் போயிற்று. போன் தப்பியது, நிஃப்லா அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். முதலை எதுவும் வரவில்லை. தாழைக்கோழிக் குஞ்சுகள்கூட அவ்வளவு தூரம் போகவில்லை.

கட்டின்மேல் இருத்தி, ரபியா தன் முந்தானையால் நிஃப்லாவின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கண், மூக்குக்குள், காதுமடலுக்குப் பின்னால். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக. அவள் கை நிற்கவில்லை.

"காணும், விடுங்க" என்றாள் நிஃப்லா மெதுவாக.

ரபியா கையை எடுத்தாள்.  ஒரு சின்னப் பிள்ளை பக்கத்தில் இருந்தவளிடம், "நூரா எண்டா ஆரு?" என்று கேட்டாள். டீச்சர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது டீச்சரின் சால்வையைச் சுற்றிக்கொண்டு நிஃப்லா முன் சீட்டில் ரபியாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். டீச்சர் அப்படி இருத்தியிருந்தார். பின்னால் பிள்ளைகள் மீன் வைத்த மாலு பாண் சாப்பிட்டு முடித்து, பாட்டுப் பாடி, களைத்துத் தூங்கிவிட்டார்கள். புத்தளம் ரோட்டில் தென்னந்தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிஃப்லா சால்வைக்குள்ளிருந்து நூராவைப் பற்றிக் கேட்டாள்.

"அங்க நீங்க பாத்த பிள்ளையா?"

"ஓம்."

"எத்தின வயசு?"

"ஒம்பது. அஞ்சாம் மாசம் பத்தாகும்."

"நீங்க போகக்குள்ள?"

"நாப்பது நாள்."

நிஃப்லா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். "அப்ப முழுக்க நீங்கதான்."

"ஓம்."

"ஒங்கள என்ன சொல்லிக் கூப்பிடும்?"

"முதல்ல மாமா எண்டிச்சி. அங்க உம்மாவ அப்பிடித்தான் சொல்லுவாங்க. பொறகு அதுட உம்மா வேணாம் எண்டு சொன்னா. ரபியா எண்டு சொல்லப் பழக்கச் சொன்னா. பழக்கினேன்."

கடையில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்வதுபோல ரபியா இதைச் சொன்னாள். அவள் குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. நிஃப்லா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்ட பேர் வாயில வரல்லயா?"

"வரல்ல."

"வந்திச்சி, மாறிச் சொல்லிட்டேன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

வான் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. நிஃப்லா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நானும் மாமியத்தான் கூப்பிட்டேன்" என்றாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

"கேட்டிச்சி" என்றாள் ரபியா.

 மாம்புரி வரும்வரை நிஃப்லா பின் சீட்டுக்கு எழும்பிப் போகவில்லை.

ஊருக்குள் கதை எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையிலேயே அஸ்மியா வந்து குசினி வாசலில் நின்றாள். கோபமாக வந்திருப்பாள் என்று நினைத்து ரபியா தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் விளக்கினாள்.

"நெசமாத்தான் வேற பிள்ளைட பேரச் சொல்லிக் கூப்பிட்டியா?"

"ஓம் மதினி."

அஸ்மியா கதிரையை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள். 

"நீ போன ரெண்டாம் மாசம், ஒரு நாள் சோறு தீத்தக்குள்ள, உம்மா எண்டு என்னக் கூப்பிட்டா அவ" என்றாள். "ஆறு வயசு நெறயல்ல. எனக்கு அல்லாஹ் பிள்ள தரல்ல. எப்பிடி இருந்திருக்கும் எண்டு பாரு. நான் விடல்ல. நான் மாமி, ஒன்ட உம்மா குவைத்துல இருக்கா எண்டு சொன்னேன். பொறகும் ரெண்டு மூணு தரம் கூப்பிட்டா. அதட்டி நிப்பாட்டினேன். நீ வந்தா அந்தப் பேர் ஒனக்கு இருக்கோணும் எண்டு."

ரபியா பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றாள். அழ வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணுக்குள் எதுவும் வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி ஊற்றி, சீனி எவ்வளவு என்று கேட்டு, அஸ்மியாவின் கையில் கொடுத்தாள். பிறகு இன்னொரு கோப்பையைத் தனக்கு ஊற்றிக்கொண்டு, பலகையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் இருந்தாள். இருவரும் குடித்து முடித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தாஹிர் உச்சமுனை மீன்வாடியிலிருந்து ஜும்ஆவுக்கு வந்தான். வாரத்தில் ஐந்து நாள் அவனுக்கு அங்கேதான் இருப்பு. சாப்பிடும்போது, வெளிநாட்டு ஏஜென்சிக்காரன் தனக்குப் போன் எடுத்ததாகச் சொன்னான். கட்டாரில் ஒரு வீடு இருக்கிறதாம். பழகின ஆள் வேண்டுமாம். கைப்பிள்ளை ஒன்று இருக்கிறதாம்.

"நீ சும்மா யோசிச்சிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. அதான் கேட்டேன். போறியா?"

"இல்ல."

"ஏன்?"

ரபியா யோசித்துப் பார்த்தாள். மகளுக்காக என்று சொன்னால் அது நல்ல பதிலாக இருக்கும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது அதுவல்ல. இன்னொரு கைப்பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே தன் பாய் விரிந்து கிடப்பது மட்டும்தான் தெரிந்தது.

"தெரியா. போகல்ல."

தாஹிர் தலையை ஆட்டினான். "நீ போகோணும் எண்டு நானும் நெனைக்கல்ல" என்றான். அவன் அப்படி ஒன்றைச் சொல்லி அவள் கேட்டு வெகுகாலம்.  மீன் துண்டு ஒன்றை எடுத்து அவன் பீங்கானில் வைத்தாள்.

நோன்பு முடிந்த பிறகு கண்டக்குழியில் சுற்றுலாக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் ரபியாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. காலையில் போய், பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னர் வந்துவிடலாம். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். இடைக்கிடை பறவை பார்க்க வருகிறவர்களும் வருவார்கள். அவர்களில் யாராவது குசினிப் பக்கம் வந்து, இங்கே அருகில் எங்கே போகலாம் என்று கேட்டால், பின்னால் உள்ள கடனீரேரிக் கரையைக் கையால் காட்டுவாள். சில நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் தானும் அந்தக் கரையில் போய் நிற்பாள். ஆலாக்கள் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து எழும்புவதைப் பார்ப்பாள். அழகாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது, அவ்வளவுதான். அதுவே அவளுக்கு முன்னர் முடியாத ஒன்று.

நிஃப்லா இன்றும் மாமி வீட்டில்தான் படுக்கிறாள். ரபியா அதைக் கேட்பதில்லை. ஆனால் மே மாதத்தில் ஒரு பின்னேரம் நிஃப்லா அறபுப் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். தவணைப் பரீட்சைக்கு உரையாடல் பகுதி ஒன்று வாய்மொழியாகச் சொல்ல வேண்டுமாம்.

"ஒங்களுக்குத் தெரியும் தானே. சரியா எண்டு பாருங்க."

ரபியாவுக்கு அறபு எழுத வாசிக்கக் குர்ஆன் அளவுதான். பேச மட்டும் நன்றாகத் தெரியும், அதுவும் குவைத் வீட்டுப் பேச்சு. புத்தகத்தில் இருந்ததை நிஃப்லா வாசிக்க வாசிக்க, அங்கே அப்படிச் சொல்லமாட்டார்கள், இப்படித்தான் சொல்வார்கள் என்று திருத்தினாள். டீச்சர் பிழை போடுவா என்று நிஃப்லா சொன்னாள். அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. புத்தகத்தை மூடிவிட்டு நிஃப்லா கேட்டாள்:

"நூராவுக்குப் பத்து வயசாகியிருக்கும் என்ன?"

"ஓம். போன கெழம."

"நம்பர் இருக்கா?"

"அதுட உம்மாட நம்பர்தான் இருக்கு. குடுக்க மாட்டா."

"அனுப்பிப் பாப்போமே."

நிஃப்லா போனை வாங்கி, குரல் பதியும் இடத்தை அமுக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டாள். பரீட்சைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், நூரா. அன நிஃப்லா. பின்த் ரபியா."

நான் நிஃப்லா, ரபியாவின் மகள். பதிந்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, "சரியா?" என்று கேட்டாள்.

ரபியா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறக்கப் போன கை பாதியில் நின்றிருந்தது.

"அங்க அன எண்டு சொல்லமாட்டாங்க" என்றாள். "ஆனா எண்டு முன்னுக்கு நீட்டோணும்."

"ஆனா நிஃப்லா" என்றாள் நிஃப்லா. "பொறகு உள்ளது?"

"அது சரி."

நிஃப்லா முதலில் பதிந்ததை அழித்துவிட்டு, மறுபடி முழுவதையும் சொல்லி அனுப்பினாள். ஒரு டிக் மட்டும் விழுந்தது. இருவரும் போனைச் சற்று நேரம் பார்த்தார்கள்.

"நம்பர மாத்திட்டாங்க போல" என்றாள் நிஃப்லா.

"இருக்கும்."

இரண்டாவது டிக் அன்றைக்கு விழவில்லை, அந்த மாதம் முழுவதும் விழவில்லை. நிஃப்லா அன்று சாப்பாட்டுக்கு நின்றாள். சோறு கொஞ்சம் குழைந்து போயிருந்தது. அதைச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, மாமி தேடுவா என்று சொல்லிப் புறப்பட்டாள்.